ஃப்ரிட்ஜில் வைத்த சாவிகள்

மூன்று மணி நேரம். அதற்கு மேல் ஃப்ரிட்ஜை நிறுத்தி வைத்தால் க்ரீம் கெட்டுவிடும் என்று நெட்டையின் சித்தி கறாராகச் சொல்லிவிட்டார். கேக் கடை அவருடையது. ஞாயிறு மதியம் கடை மூடியிருக்கும் என்பதால் பின்னறையைச் சும்மா கொடுத்திருந்தார்.

"க்ரீம் தண்ணியாச்சுன்னா உங்க நாலு பேரையும் மாவுல போட்டுப் பிசைஞ்சிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு பேர் என்றால், டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன், கிட்டார் வாசிக்கும் நெட்டை, பாடுகிற பூனை, பதிவு செய்கிற, அண்ணனின் தங்கை. நடந்தால் சத்தமே வராது என்பதால் அவன் பூனை. தங்கையை மூவரும் மைக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். வாயே திறக்காத பெண்ணுக்கு வைத்த பெயர்.

"பதிவு ஏதாவது இருந்தா குடுங்க, மேடை தரேன்" என்று ஓர் அரங்கத்துக்காரர் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டூடியோவுக்குப் போக வசதியில்லை. மைக்குவிடம் இருந்தது உள்ளங்கை அளவு ரெக்கார்டர், அதுவும் யாரோ பயன்படுத்தியது. முதல் முறை பதிவு செய்தபோது மின்விசிறிச் சத்தம் விழுந்தது. இரண்டாம் முறை இதே ஃப்ரிட்ஜின் ரீங்காரம். இந்த முறை நான்கு பாட்டும் சுத்தமாக வந்தாக வேண்டும்.

ரெக்கார்டரில் இருப்பது இரண்டே மைக். எல்லாச் சத்தமும் ஒன்றாகவே பதிவாகும்; பிறகு உட்கார்ந்து குரலைக் கூட்டி டிரம்ஸைக் குறைக்க முடியாது. குமிழைத் திருகுவதற்குப் பதில் ஆளை நகர்த்த வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் செறிவு கால் பங்காகும் என்று அவள் பரீட்சையில் எழுதியிருக்கிறாள். அந்தப் பதில் இன்று அண்ணனைக் கதவோரம் வரை தள்ள உதவியது.

"இன்னும் கொஞ்சம் தள்ளினா தெருவுல உக்காந்துதான் அடிக்கணும்" என்றான் அண்ணன்.

"தெருக்காரங்க ஒத்துக்கணுமே" என்றான் நெட்டை.

மைக்கு அண்ணனுக்குப் பின்னால் மாவு மூட்டைகளை அடுக்கினாள். சுவரில் மோதித் திரும்பும் சத்தத்தை அவை விழுங்கிக்கொள்ளும். நாற்காலியின் முதுகில் துடைப்பக் கட்டையைக் கட்டி, அதன் நுனியில் ரெக்கார்டரை நிறுத்தினாள். சார்ஜர் இரைச்சல் போடும் என்று புது பேட்டரி போட்டாள்.

அடுத்தது சாவி. ஃப்ரிட்ஜை நிறுத்தியதை மறந்துவிடாமலிருக்க எல்லோருடைய சாவியையும் அதற்குள்ளேயே வைத்துவிடுவது அவள் யோசனை. சாவி இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. எடுக்க வருகிறவர் பிளக்கையும் சொருகிவிட்டுப் போவார். கிண்ணத்தை நீட்டினாள். அண்ணன் பைக் சாவியைப் போட்டான், நெட்டை வீட்டுச் சாவியை.

"பூனையண்ணா, சாவி?"

"இன்னிக்கு எடுத்துட்டு வரலம்மா."

பூனை வாடகை அறையில் தனியாக இருப்பவன். அவன் பூட்டிய கதவைத் திறக்க வேறு ஆள் கிடையாது. எப்போதும் கைவீசிக்கொண்டு வருகிறவன் இன்று பெரிய பையோடு வேறு வந்திருந்தான். துணி வெளுக்கப் போட என்று நெட்டையிடம் சொல்லியிருந்தான். ஞாயிறு மதியம் எந்தச் சலவைக் கடை திறந்திருக்கும்?

மைக்கு பையைப் பார்த்தாள். அவள் பார்ப்பதைப் பூனை பார்த்தான்.

"முதல்ல பாடி முடிச்சிடலாம்" என்றான் மெல்ல.

அவள் கிண்ணத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, பிளக்கைப் பிடுங்கினாள். இப்போது கேட்டால் அண்ணனுக்குக் கை ஓடாது. பூனையின் குரலும் உடைந்துவிடும். கேட்கவில்லை. அடுத்த வாரம் என்று ஒன்று இல்லை என்பதை மட்டும் மனதில் முடிந்துகொண்டாள்.

"இருக்கறதிலயே சத்தமான இடத்தை வாசிங்க" என்றாள். வாசித்தார்கள். சத்தம் மிஞ்சிவிட்டது என்று ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரியாதபடி பதிவின் அளவைக் குறைத்தாள். பிறகு ஒவ்வொரு பாட்டையும் பல முறை எடுத்தார்கள். முதல் மூன்று பாட்டும் பிசிறில்லாமல் வந்தன. நான்காவதன் நடுவில் அண்ணனின் குச்சி நழுவித் தரையில் உருண்டது.

"போதும், இத அடுத்த வாரம் எடுத்துக்கலாம்" என்றான் அண்ணன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"வேணாம். இப்பவே."

"அட, இதுக்கு வாய் எப்ப முளைச்சுது?" என்று சிரித்தான் அண்ணன்.

"நேரம் இருக்குண்ணா. இன்னும் இருபது நிமிஷம்."

துடைப்பக் கட்டையை நாற்காலியோடு ஒரு சாண் பூனையின் பக்கம் நகர்த்தினாள்.

"அவனுக்கு மட்டும் கிட்ட வைக்கிற?" என்றான் அண்ணன்.

"ஆமா" என்றாள். அண்ணன் குச்சியைப் பொறுக்கிக்கொண்டான்.

பூனை பாடினான். இயர்ஃபோனில் அவன் மூச்செடுக்கும் இடம்கூடக் கேட்டது. தாழ்ந்து தொடங்கி, கடைசி அடியில் கூரைவரை ஏறி, அங்கேயே நின்றான். டிரம்ஸின் சிம்பல் தட்டு அதிர்ந்து அடங்கும்வரை யாரும் அசையக் கூடாது என்று அவள் கையை உயர்த்தினாள். மூவரும் சிலையானார்கள். சத்தம் மெலிந்து மெலிந்து மாவு மூட்டைகளுக்குள் போய் மறைந்தது. கையை இறக்கினாள்.

நான்கு பாட்டையும் தொட்டுத் தொட்டுக் கேட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அரங்கத்துக்காரருக்கு இது இனி உதவுமோ என்னவோ, இவர்களுக்கு உதவும். பிளக்கைச் சொருகினாள். ஃப்ரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி உறுமத் தொடங்கியது. கிண்ணத்தை எடுத்தாள்.

"ஐஸ் மாதிரி இருக்கு" என்று அண்ணன் சாவியை உள்ளங்கையில் உருட்டினான். நெட்டை தன்னுடையதை எடுத்துக்கொண்டான். கிண்ணம் காலியானது.

"உன் சாவி எங்கடா?" என்றான் அண்ணன்.

பூனை மைக்குவைப் பார்த்தான். அவள் இயர்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"ரூமைக் காலி பண்ணிட்டேன்டா. சாவிய வீட்டுக்காரர்கிட்ட குடுத்தாச்சு. கப்பல்ல வேலை, ரெண்டு வருஷம். இன்னிக்கு ஏழு மணிக்கு பஸ்."