காலிதீன் பயணம் சொன்ன கடைசி வீடு

கல்முனைக்குடியில் காலிதீனிடம் விமானத்தைப் பற்றி வாயைத் திறந்தவர் எவரும் நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்ததில்லை. விமானப்படையில் இருபத்திரண்டு வருடம் ஹெலிகொப்டர் பழுதுபார்த்துவிட்டு, ஓய்வுபெற்றதும் வரலாறு எழுத உட்கார்ந்தவர். மூன்று தடித்த புத்தகங்கள். எந்த விமானம் எப்போது வந்தது, யார் ஓட்டினார், எங்கே விழுந்தது, எல்லாம் அவற்றில் உண்டு. ஆவணம் இல்லாமல் ஒரு வரியும் எழுதமாட்டேன் என்று பீற்றிக்கொள்வார். வாங்கியவர்கள் பலர். முழுதாகப் படித்தவர் என்றால் ஊரில் ஜுனைதா மட்டும்தான்.

ஜுனைதாவின் கணவர் ஸஜாத் விமானி. இருபத்தாறு வருடத்துக்கு முன், ஒரு றமழானில், ஐந்து சிப்பாய்களோடு அவருடைய ஹெலிகொப்டர் கடலில் விழுந்தது. ஒருவரும் தப்பவில்லை. விமானியின் கவனப்பிழை என்று விசாரணை முடிந்தது. காலிதீனின் இரண்டாவது புத்தகமும் அதையேதான் சொல்கிறது.

இந்த வருடம் காலிதீனுக்கு ஹஜ் கிடைத்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்க வேண்டும். பொறுத்துவிட்டோம் என்பார்கள், தேத்தண்ணி வரும், எங்களுக்கும் அல்லாஹ்விடம் துஆச் செய்யுங்கள் என்பார்கள். ஒரு வீட்டுக்குக் கால் மணி நேரம் போதும். என்ன பிழை என்று யாரும் கேட்பதில்லை, கேட்பது மரியாதையுமில்லை. காலிதீன் நம்பியிருந்தது அந்த மரியாதையைத்தான். பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, மிஞ்சியிருந்த ஒரே வீடான ஜுனைதாவின் வீட்டுக்குப் போனார்.

எதிர்பார்த்தபடியே நடந்தது. அவர் கேட்டார், அண்ணனிடம் சொல்வதுபோல், பொறுத்தேன் காக்கா என்றாள் அவள். மனிதருக்கு மூச்சு வந்தது. இனித் தேத்தண்ணியைக் குடித்து முடித்தால் எழுந்துவிடலாம். ஆறவும் விடாமல் குடித்ததில் நாக்குப் பொசுங்கியது.

அப்போதுதான் ஜுனைதா உள்ளேயிருந்து அவருடைய புத்தகத்தை எடுத்து வந்தாள். அட்டை நைந்து போயிருந்தது.

“காக்கா, ஹஜ்ஜில அறஃபா வெளியில நிக்கக்குள்ள அவருக்காக ஒரு துஆக் கேளுங்க. அஞ்சு உசிரக் கொண்டுபோன பாவத்த அல்லாஹ் அவருக்கு மன்னிக்கணும். இந்தப் பொத்தகம் படிச்சதுக்கு மறுகா நான் ரெண்டு பொடியன்மார்ர வீட்டத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டன். ஒரு தாய் கதவச் சாத்திட்டா. மத்தவ என்னக் கட்டிப் புடிச்சி அழுதா. கதவச் சாத்தினதுதான் எனக்கு லேசா இருந்திச்சி.”

காலிதீன் கோப்பையைக் கீழே வைத்தார். கேட்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் முடிந்தது. அந்த வார்த்தை வரவில்லை. செத்து மௌத்தாய்ப்போன மனிதரின் தலையில் தன் பாவத்தைக் கட்டிப் புத்தகம் எழுதியது போதாதென்று, அறஃபாவில் நின்று அல்லாஹ்விடமும் அதே பொய்யைச் சொல்வதா? அந்த அளவுக்குக் கெட்டுப்போக அவரால் முடியவில்லை.

சொல்லிவிட்டார். அன்று அந்தியில் ஹெலிகொப்டரைப் பரிசோதிக்கும் முறை அவருடையது. பதினேழு இடம் பார்த்துவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பதினாறு பார்த்தாயிற்று. வாலில் சுழலும் விசிறியைக் கழன்றுவிடாமல் பிடிக்கும் பூட்டாணி மட்டும் பாக்கி. அதற்கு ஏணி வைத்து ஏற வேண்டும். அதற்குள் பாங்கு சொல்லிவிட்டது. ஸஜாத் ஈத்தம்பழத்தை நீட்டி நோன்பு திறக்கக் கூப்பிட்டார். காலிதீன் ஏணியைத் தேடவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பழத்தை வாங்கினார். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் ஸஜாத் ஏறினார். ஹெலிகொப்டர் நின்ற இடத்திலேயே சுழல்கிறது என்பதுதான் அவர் வானொலியில் கடைசியாகச் சொன்னது. வால் விசிறி போனால்தான் அப்படிச் சுழலும். ஆனால் பரிசோதனைத் தாள் சுத்தமாக இருந்தது. எந்திரத்தில் பிழையில்லை என்றானபின் பழியைச் சுமக்க விமானி ஒருவர்தானே மிச்சம்.

ஜுனைதா அழவில்லை. நைந்த புத்தகத்தை அவர் முன்னால் வைத்தாள்.

“அப்ப நீங்க பயந்திருப்பீங்க, அது வெளங்குது. பொத்தகத்தில ஏன் எழுதினீங்க?”

ஆவணத்தில் அப்படித்தான் இருந்தது என்றார் காலிதீன். சொல்லும்போதே அவருக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

“அந்த ஆவணம் ஒங்கட கையெழுத்துத்தானே காக்கா.”

ஜுனைதா ஒரு தாளை எடுத்து, ஐந்து சிப்பாய்களின் வீட்டு விலாசங்களையும் எழுதினாள். இரண்டுக்குத் தானே போனதால் தெரியும், மற்ற மூன்றையும் அந்தத் தாய்தான் அழுதுகொண்டே சொன்னாளாம். முன்பு பொறுத்தேன் என்றது தெரியாமல் சொன்னது, அதைத் திருப்பி எடுக்கிறேன் என்றாள். ஐந்து வீட்டுக்கும் போய், பிழை விட்டது ஸஜாத் அல்ல என்று காலிதீன் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். பிறகு வந்தால் யோசிப்பாள்.

காலிதீன் கெஞ்சினார். வியாழக்கிழமை பயணம், மூன்று நாளில் எத்தனை ஊருக்குத்தான் ஓடுவது, ஹஜ்ஜை முடித்துத் திரும்பி வந்ததும் முதல் வேலை இதுதான் என்றார்.

“அங்கேயே மௌத்தாகிட்டீங்க எண்டா?”

ஹஜ் கிடைத்த நாளிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் அவர் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருந்தது அந்த மௌத்தைத்தான்.