பொட்டலத்துப் புழுக்கள்

வந்திருந்தவர்கள்: குழுத் தலைவி கோவிந்தம்மாள், புழுக் கொட்டகை வாசலில், தண்ணீர் டிரம்மை ஒட்டி; நிர்மலாதேவி, மல்பெரிச் சாக்கின்மேல்; பாஞ்சாலி அக்கா, யாரும் சொல்லாமலே தள்ளிப்போய் வேலியோரம்; செயலாளர் கலைமதி, நான்தான், மடியில் நோட்டோடு... இப்படி வரிசையாக எழுதினால் எதுவும் விட்டுப்போகாது, பள்ளிக்கூடத்தில் பழக்கியது, அனுப்புநர், பெறுநர், பொருள்... பொருள் என்ன, எங்கள் பட்டுப்புழு அத்தனையும் செத்தது, இன்னும் நாலு நாளில் கூடு கட்டவேண்டியவை, தலையை ஆட்டி ஆட்டிப் பச்சையாய்க் கக்கி, தட்டு தட்டாக... காரணம்? "பாஞ்சாலி பொகையில மென்ன கையோட தழ போட்டா புழு சாவாம என்னா பண்ணும், அடுத்த தடவ இவ வேணாம், எழுது கலை" என்கிறாள் கோவிந்தம்மாள். "அக்கா வாய் சும்மா இருக்கறது தூங்கறப்பதான்" என்று நிர்மலா சிரிக்கிறாள், நானும் சிரித்தேன், ஏன் சிரித்தேன்?

தழை போட்டது அக்கா, வெட்டிக் கொடுத்தது நான். அன்று காலையில் என் ஆடுகளுக்கு உண்ணி மருந்து தேய்த்தேன், கை கழுவினேன், கழுவினேனே... சோப்பு தீர்ந்திருந்தது, வெறும் தண்ணீரில் அலசிவிட்டு அரிவாளை எடுத்தேன், மத்தியானமே புழு தலையாட்டியது. சொன்னால்? என்னையும் நீக்குவார்கள், எனக்கு ஆடாவது இருக்கிறது, அக்காவுக்குக் காடும் இல்லை, மாடும் இல்லை, இந்தக் கொட்டகைதான். "எழுது கண்ணு, கை கழுவனாப்பலதான் நெனப்பு, மறந்துட்டனோ என்னமோ" என்கிறாள் அவள், என் முகத்தைப் பார்த்தே... பேனா நிற்கவில்லை. 'பாஞ்சாலியின் புகையிலைப் பழக்கமே காரணம்.' அவளே கைநாட்டும் வைத்தாள், மை உலர ஊதினாள்.

"நீயே கொண்டுபோயி பட்டு ஆபீசுல குடு" என்றாள் கோவிந்தம்மாள் அக்காவிடம். எழுதியதைக் கவரில் போட்டுப் பசை தடவி ஒட்டினேன், தட்டில் கிடந்த பத்துப் புழுவைத் தாளில் மடித்துக் கவரோடு நூல் சுற்றினேன், அக்கா இடுப்பில் செருகிக்கொண்டு பொம்மிடி பஸ் ஏறினாள். செத்த புழுவைப் பார்த்து எந்த மருந்தென்று கண்டுபிடிப்பார்களாமே, கண்டுபிடித்தால்... விரலை முகர்ந்தேன், ஒன்றும் இல்லை, இருக்கிறதோ... பஸ் திரும்பி மறைந்தபிறகுதான் உறைத்தது, புழுவை வைத்து அனுப்பச் சொல்லி என்னிடம் யாருமே சொல்லவில்லை.