ஊர் கட்டிய தவணை

அய்யம்பெருமாள் பைசா கொடுத்து ரசீது வாங்காமல் விட்டது ஒரே ஓர் இடத்தில்தான். அது முத்தாரம்மன் கோயில் உண்டியல். மற்றபடி உரக்கடையானாலும் டிராக்டர்காரனானாலும், கையில் ஒரு துண்டுச் சீட்டு வராமல் மனிதர் நகர மாட்டார். மயிலாடிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் வயலும் ஒரு பசுவும் வைத்துக்கொண்டு, யாரிடமும் கைநீட்டாமல் மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவருக்கு அந்த அளவு வீம்பு இருக்கத்தானே செய்யும். ஊரில் பாதிப் பேர் அதைக் கஞ்சத்தனம் என்றார்கள். அந்தப் பாதிப் பேருக்கும் எங்காவது கடன் இருந்தது.

கும்பப்பூ நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் அந்தப் போன் வந்தது.

"அய்யம்பெருமாளா? ஸ்கூட்டர் லோன்ல முப்பத்தெட்டாயிரத்து நானூறு பாக்கி. இன்னைக்கே கட்டணும்."

குரல் நம் பக்கத்துக் குரல் இல்லை. பெயர் கேட்டதற்கு சத்தியராஜ் என்றது. அய்யம்பெருமாள் வரப்பில் உட்கார்ந்தார். ஸ்கூட்டர் வாங்கியது உண்மைதான். மகள் சிவப்ரியா கல்லூரிக்குப் போவதற்காக நாகர்கோவிலில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் தவணைக்கு எடுத்தது. கடைசித் தவணையும் கட்டி, பாக்கி இல்லை என்று கம்பெனி கொடுத்த கடிதத்தையும் வாங்கி பீரோவில் வைத்தாயிற்று. சிவப்ரியாவுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது.

"நீரு எந்தக் கம்பெனியில இருந்து பேசுகீரு தம்பி?"

"வசூல் ஏஜென்சி சார். உங்க கம்பெனி அந்தக் கணக்கை எங்ககிட்ட கொடுத்துட்டாங்க."

"அப்படியா. அப்போ ஏஜென்சிக்கப் பேரு, அட்ரஸ், கம்பெனிக்காரன் உமக்குத் தந்த அதிகாரக் கடுதாசி, லோன் நம்பர், எந்த மாசத்துத் தவணை பாக்கி, எல்லாத்தையும் எழுத்துல அனுப்பும். பாத்துட்டு நானும் எழுத்துல பதில் சொல்லுகேன்."

"ஆதார் நம்பர் சொல்லுங்க, இப்பவே சரிபார்த்துடலாம்."

"கடன் தந்தவன்கிட்ட அதெல்லாம் இருக்கும்லா. அவன்கிட்ட கேட்டுக்கிடும்."

அதன் பிறகு அந்தக் குரலில் இருந்த 'சார்' போய்விட்டது. வீட்டுக்கு வருவோம், ஊரில் தலைகாட்ட முடியாமல் செய்வோம் என்றது. அய்யம்பெருமாள் முழுவதையும் கேட்டுவிட்டு, "எழுத்துல அனுப்பும்" என்று இன்னொரு தடவை சொல்லிப் போனை வைத்தார். அறுப்புக்கு வந்த பெண்கள் பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, வரப்பிலிருந்து எழுந்தார்.

மத்தியானம் கஞ்சி ஊற்றும்போது மனைவி பகவதி கேட்டாள். "ஒரு ரெண்டாயிரமோ மூவாயிரமோ குடுத்து ஒழிச்சு விடப்பிடாதா? சனியன் போட்டும்னு."

"ஏட்டி, ஒத்த ரூவா குடுத்தாலும் கடன் உண்டும்னு நானே சொன்ன மாதிரில்லா. பெறவு ஆயுசுக்கும் விட மாட்டான்."

மறுநாளே பாக்கியில்லைக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்தார். கம்பெனியின் தலைமை ஆபீசுக்கு ஒன்று, ஏஜென்சிக்குக் கொடுக்கச் சொல்லி அதோடு இன்னொன்று. இந்தக் கடன் எனக்கு இல்லை, உண்டு என்றால் ஆதாரம் அனுப்பு, ஊராரிடம் பேசாதே என்று தன் கைப்படத் தமிழில் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டார். தபால் ஆபீஸ் ரசீதுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். இவ்வளவும் சரியாகத்தான் செய்தார். இதைவிடச் சரியாக ஒரு வக்கீலும் செய்திருக்க மாட்டான்.

ஆனால் இத்தனை கறாரான மனிதர் ஒரு இடத்தில் சறுக்கியிருந்தார், அதுவும் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். லோன் போடும்போது, உங்களைத் தெரிந்தவர் ஒருவருடைய பேரும் போன் நம்பரும் வேண்டும் என்று கம்பெனியில் கேட்டார்கள். மற்றவனென்றால் மச்சினன் பேரைக் கொடுத்திருப்பான். அய்யம்பெருமாள் கொஞ்சம் பெருமையாகவே ஊர்த் தலைவர் கிருஷ்ணமணியின் பேரைக் கொடுத்தார். நம் பக்கத்தில் ஒருவனுக்கு ஊரை விடப் பெரிய ஜாமீன் எது? பெண் கேட்டு வருகிறவனும் ஊர்த் தலைவரிடம் விசாரித்துவிட்டுத்தானே வீட்டுப் படி ஏறுகிறான்.

சத்தியராஜ் அந்த நம்பரைத் தேடி எடுத்துவிட்டான்.

சித்திரையில் கோயில் கொடை விழா. கிருஷ்ணமணி கொடைக்கு வரி பிரிக்கும் வேலையில் இருந்தபோது நாலைந்து போன் வந்திருக்கிறது. அவர் கூப்பிட்டு விசாரித்தார். அய்யம்பெருமாள் கடிதத்தைக் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"உம்மைத் தெரியாதா வேய் எனக்கு?" என்றார் கிருஷ்ணமணி. "நீரு கடன் வச்சீருன்னு சொன்னா ஊருல எவன் நம்புவான்?"

அதைக் கேட்டு அய்யம்பெருமாளுக்குக் கண் கலங்கியது. அந்த ஒரு வார்த்தை போதும் என்று இருந்தது.

கொடைப் பந்தலுக்குக் கால்நாட்டு அன்று காலையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது, நேரில் வரச் சொல்லி. முன்பு அவர்கள் இருந்த மாடியில் இப்போது மணப்பெண் அலங்காரக் கடை. விசாரித்து, வடசேரிப் பக்கம் புது ஆபீசைக் கண்டுபிடித்தார். மேனேஜர் நல்ல மனிதர். கம்ப்யூட்டரில் பார்த்து, உங்கள் கணக்கு என்றைக்கோ முடிந்துவிட்டது, ஏஜென்சிக்குக் கொடுத்த பட்டியலில் தவறாகச் சேர்ந்திருக்கிறது, நீக்கச் சொல்லிவிட்டோம் என்று சீல் போட்டுக் கடிதம் கொடுத்தார். மன்னிப்பு என்ற வார்த்தையும் அதில் இருந்தது. பஸ்ஸில் அய்யம்பெருமாள் அதை எடுத்து எடுத்துப் படித்தார். என்றும் இல்லாத வழக்கமாக பகவதிக்கு நேந்திரங்காய் வற்றல் வாங்கியிருந்தார்.

கோயில் முற்றத்தில் பந்தலுக்குக் கால் நட்டாகிவிட்டது. கிருஷ்ணமணி தூரத்திலேயே கையைக் காட்டினார்.

"வாரும், வாரும். உம்ம சங்கதி முடிஞ்சு."

"முடிஞ்சு அண்ணாச்சி. இன்னா, கடுதாசி."

"கடுதாசி கிடக்கட்டும். ரெண்டு பேரு பைக்குல வந்தானுவ. நேரா நடையில வந்து நின்னுகிட்டு, அய்யம்பெருமாளைக் கூப்பிடு, பைசா வைக்காம நகர மாட்டோம்னு ஒரே சத்தம். கால்நாட்டின பெறவு அம்மைக்க நடையில கடன் கேட்டு ஒருத்தன் நிக்கப்பிடாது, தெரியும்லா? வெளியூர்க்காரன் நாலு பேரு பாத்துகிட்டு நிக்கான். ஊருக்க மானம் என்னத்துக்காகும்? முப்பத்தெட்டு கேட்டானுவ. பேசிப் பேசிப் பதினஞ்சுல ஒதுக்கி அனுப்பியாச்சு."

"என்னது, குடுத்தாச்சா?"

"கொடைப் பைசாவுல இருந்து எடுத்துக் குடுத்தோம்" என்றான் ஊர்ச் செயலாளர் அனில்குமார். பேரம் படிந்த சந்தோஷம் அவன் முகத்தில் இன்னும் இருந்தது. "நீங்க மெதுவாத் தந்தா போரும் சித்தப்பா. நெல்லு வித்த பெறவு."

அய்யம்பெருமாள் வற்றல் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "போன் பண்ணி என்னைக் கேட்டிருக்கப்பிடாதா? ரசீதாவது வாங்கினீரா?"

"எங்க தந்தான்?" என்றார் கிருஷ்ணமணி. "அவனுவதான் எங்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போனானுவ. உமக்கு வேண்டி ஊரு கட்டுகுன்னு."

அய்யம்பெருமாள் கடிதத்தை நீட்டினார். கிருஷ்ணமணி கண்ணாடியைப் போட்டுப் படித்தார். அனில்குமாரும் எட்டிப் பார்த்தான். பந்தல்காரன் கயிறு கேட்டான், அனில்குமார் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டான்.

சத்தியராஜ் மறுநாளே கூப்பிட்டான். பழைய 'சார்' திரும்பி வந்திருந்தது. "தேங்க்ஸ் சார். மீதி இருபத்து மூவாயிரத்து நானூறு எப்போ?"

"கம்பெனியே கடன் இல்லைன்னு எழுதித் தந்திருக்கான் தம்பி."

"இல்லாத கடனை ஒரு ஊரே சேர்ந்து கட்டுமா சார்? உங்க தலைவர் கையெழுத்து போட்டிருக்காரே."

அய்யம்பெருமாள் விடவில்லை. அதையும் எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினார். அந்த வாரத்திலேயே போன் நின்றது, அதோடு அந்த நம்பரும் அணைந்தது. ஆனால் பதினைந்தாயிரத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்கவில்லை. ரசீது இல்லாமல் மூன்றாம் ஆள் கொடுத்த பணம் எங்கள் கணக்கில் வரவில்லை என்றார் மேனேஜர், போலீசில் புகார் கொடுங்கள், பணம் கொடுத்தவர் கொடுக்க வேண்டும்.

கிருஷ்ணமணி முகத்தைச் சுளித்தார். "கொடை நேரத்துல ஊர்த் தலைவன் ஸ்டேஷன் படி ஏறவா? என்னத்தைச் சொல்ல, ஏமாந்துட்டேன்னா? அது கிடக்கட்டும் வேய். நீரு அதை அடைச்சிரும். உம்ம பேருக்குக் குடுத்ததுதான."

"நான் ஊருகிட்ட எப்பக் கடன் கேட்டேன் அண்ணாச்சி? எந்த வகையில நான் தரணும்னு எழுத்துல தாரும். தாறேன்."

முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"ஊருகிட்டயா எழுத்து கேக்கீரு?" என்றார் கிருஷ்ணமணி மெதுவாக. "உமக்க மானத்தைக் காத்ததுக்கா?"

அன்றிலிருந்து யாரும் அவரைப் பந்தல் வேலைக்குக் கூப்பிடவில்லை. டீக்கடையில் அவர் வந்தால் பேச்சு மாறியது. வெளியூர்க்காரன் சொன்னபோது நம்பாத கடனை, தானே பைசா போட்ட பிறகு ஊர் நம்பிவிட்டது. சத்தியராஜ் கள்ளன், அவனிடம் வாதாட அய்யம்பெருமாளுக்கு வழி இருந்தது. நல்லது செய்தவர்களிடம் எந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் நீட்டுவது?

கொடை வந்தது. மத்தியான உச்சிக்கொடை முடிந்து, வரி கட்டிய வீடுகளுக்குத் தேங்காய், பழம், பொங்கல் பங்கு வைக்கும் நேரம். அதற்கு முன்னால் மைக்கில் பாக்கி வாசிப்பது இந்த ஊர் வழக்கம். பாக்கிக்காரனுக்குப் பங்கு கிடையாது. அய்யம்பெருமாள் வீட்டுக்கு இவ்வளவு என்று போட்ட தலைக்கட்டு வரியை முதல் ஆளாகக் கட்டியிருந்தார், அந்த ரசீதும் பீரோவில் இருந்தது. அனில்குமார் வாசித்தான். வழக்கமாக வரும் நாலைந்து பெயர்கள் வந்தன. பிறகு, "அய்யம்பெருமாள், ஊர்க் கடன், பதினைந்தாயிரம்."

குழாய் ஸ்பீக்கர் கால்வாய்க் கரை வரைக்கும் கட்டியிருந்தார்கள். தலைகாட்ட முடியாமல் செய்வோம் என்று சத்தியராஜ் மிரட்டியது நினைவுக்கு வந்தது. பாவம், அவனுக்கு மைக் செட் கிடைக்கவில்லை. அய்யம்பெருமாள் யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

பகவதி வர வெகுநேரம் ஆயிற்று. கையில் வாழையிலை மூடிய பங்குப் பாத்திரம் இருந்தது. கழுத்தில் தாலிக்கயிறு மட்டும்தான் இருந்தது. சந்திப்பில் இருக்கும் அடகுக்கடையில் செயினை வைத்துவிட்டு வந்திருந்தாள். ஸ்கூட்டர் தவணை முடிந்த பிறகு இந்த வீட்டுக்குள் உண்மையாகவே ஒரு கடன் வந்தது அன்றைக்குத்தான்.

"என்னால கேட்டுகிட்டு நிக்க முடியல்ல" என்றாள். "அடைச்சிட்டு வந்துட்டேன். நீங்க ஏசினாலும் சரி."

அவர் ஏசவில்லை. பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தார்.

"ரசீது வாங்கினியா?"

"கேட்டேன். அம்மைக்குக் குடுத்ததுக்கு யாராவது ரசீது கேப்பாளா சித்தின்னு அனில்குமார் சிரிச்சான். எல்லாரும் சிரிச்சாவ."

"அப்போ அடுத்த கொடைக்கும் வாசிப்பானுவ" என்றார் அய்யம்பெருமாள்.