காப்பு அவிழ்த்த கை

இராமையா போட்ட வாய்க்கரிசி தம்பியின் பல்லில் பட்டுக் கழுத்துக்கு உருண்டது. மறுபடியும் போட்டார். மறுபடியும் உருண்டது. செத்த பிறகும் வீரப்பனின் தாடை இறுகித்தான் கிடந்தது.

"கொஞ்சம் அழுத்தித் திறங்கப்பா," என்றார் இராமையா.

"யாரும் தொட வேணாம்," என்றாள் ரேவதி.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் அந்த வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. புருஷன் வில்லாக வளைந்து துடித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். இப்போது அரிசி போட வந்துவிட்டார், பெரிய அண்ணன்.

பதின்மூன்று நாளைக்கு முன்னால் அலோன் துறையில் படகிலிருந்து மூட்டை இறக்கும்போது, துருப்பிடித்த ஆணி வீரப்பனின் உள்ளங்காலில் ஏறியது. பர்மியப் பேச்சில் மரியாதையாக ஸயாமா என்று தெருவே கூப்பிடும் எதிர்வீட்டு நர்ஸ், ரணஜன்னி வராமலிருக்க உடனே ஊசி போடச் சொல்லி வாசலுக்கே வந்தாள். இராமையா மறித்தார். கோயில் தலைவர் அல்லவா. தீமிதிக்கு அண்ணனும் தம்பியும் காப்புக் கட்டி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"காப்புக் கட்டின உடம்புல ஊசி ஏறக்கூடாது. மஞ்சளை அரைச்சுக் கட்டு. அம்மா பாத்துக்குவா."

அண்ணன் சொன்னால் வீரப்பனுக்கு வேறு பேச்சே கிடையாது. மஞ்சளை அரைத்தவள் ரேவதி, கட்டிவிட்டவளும் அவள்தான். அதை நினைக்கும்போதெல்லாம் தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது அவளுக்கு. அம்மியில் அந்த மஞ்சள் கறை இன்னும் போகவில்லை.

ஆட்கள் பாடையைத் தூக்கக் குனிந்தார்கள். வாசலில் ஸயாமா வந்து நின்றதைப் பார்த்ததும் இராமையாவின் முகம் சுருங்கியது. ரேவதியிடம் திரும்பினார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஊசியாம். உன் மக கலாவுக்கு இவ கையெழுத்துக் கேப்பா. போட்டுறாதே. தீட்டு வீட்டுப் பிள்ளைக்கு ஊசி ஆகாது."

"அன்னைக்குக் காப்புன்னீங்க. இன்னைக்குத் தீட்டா?"

"எடுத்தெறிஞ்சு பேசாதே. சாமி காரியம்."

ரேவதி அவருடைய வலது கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இல்லை.

"உங்க காப்பு எங்க மாமா?"

"காலையில அவுத்தேன். காப்போட பிணத்தைத் தொடலாமா?"

"அவுக்கலாமா அதை?"

"சாவுன்னா அவுத்துத்தானே ஆகணும்."

"அன்னைக்கு ஊசிக்கு அவுத்திருந்தா அவரு எந்திரிச்சு நடந்திருப்பாரு."

இராமையா வெறும் மணிக்கட்டை மற்றக் கையால் மூடிக்கொண்டார்.

பத்து வயதுக் கலா சுவரோரம் நின்றிருந்தாள். "உன் பையை எடுத்துட்டு வா," என்றாள் ரேவதி.

ஒரு வாரமாகப் பைக்குள் கிடந்த ஊசிச் சம்மதப் படிவம் கசங்கியிருந்தது. ரேவதி அதைப் பாடைக்குப் பக்கத்தில் தரையில் வைத்து நீவினாள். ஸயாமா பேனாவை நீட்டினாள். குனிந்த ஆட்கள் நிமிர்ந்து இராமையாவைப் பார்த்தார்கள். அவர் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு காத்து நின்றார்.

தகப்பன் கையெழுத்துக்கென்று விட்டிருந்த கோட்டில், ரேவதி தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினாள்.