பெண்ணின் அப்பாவுக்கு ஒரு பூ

"கோட்டு இல்லாம பூ பார்க்கறது, காலை வீட்டுல வச்சுட்டுச் செருப்பு வாங்க வர்ற மாதிரி" என்று பூக்கடைக்காரம்மா போனிலேயே சொல்லியிருந்தார். அதனால் லிஃப்ட் மெக்கானிக் தன் புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார். உள்ளே எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சட்டை, மேலே பழுப்பு நிறக் கோட்டு. வழியில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கடை குளிர்ச்சியாக இருந்தது. தரையெல்லாம் தண்ணீர். வாளிகளில் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வெட்டிய தண்டுகளின் பச்சை வாடை மூக்கில் ஏறியது.

"கல்யாணம் யாருக்கு?"

மெக்கானிக், கடைக்கு அனுப்பிய பிள்ளை மாதிரி, மனைவி சொன்னதை அப்படியே ஒப்பித்தார். "மாப்பிள்ளைக்கு ஒண்ணு, மாப்பிள்ளையோட அப்பாவுக்கு ஒண்ணு, பொண்ணோட அப்பாவுக்கு ஒண்ணு. கோட்டுல குத்திக்கற பூ. பார்க்க ஸ்டைலா இருக்கணும்னு வீட்டுல சொன்னாங்க."

பூக்கடைக்காரம்மா அவருடைய நரையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். "அப்ப நீங்க பொண்ணோட அப்பா. நல்லது, இப்படி வெளிச்சத்துக்கு வாங்க."

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். மெக்கானிக் சொல்லவில்லை. வெளிச்சத்துக்கு வந்து நின்றார்.

அவர் அந்தப் பெண்ணின் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது குழந்தைக்கு நான்கு வயது. "அங்கிள்னு கூப்பிடு" என்று முதல் நாள் யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வார்த்தை அப்படியே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், பல்லுக்குக் கம்பி கட்டும் டாக்டரிடம் எல்லா இடத்திலும் அவர் அங்கிள்தான். அதை அவர் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. கல்யாணம் நிச்சயமானபோது, பெண்ணின் கையைப் பிடித்து மேடைவரை நடந்து வருவது அவர்தான் என்று வீட்டில் பேச்சு வந்தது. அதற்காகத்தான் இந்தக் கோட்டு. வாழ்க்கையிலேயே முதல் கோட்டு.

பிறகு, பெற்ற அப்பா வருவதாகச் சொல்லி அனுப்பினார். குழந்தைக்கு இரண்டு வயதில் வீட்டைவிட்டுப் போனவர். போன இடத்தில் போட்ட குடித்தனமும் நிலைக்கவில்லை என்று கேள்வி. பெண் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள். மனைவி, காய்ந்த துணியை மடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "அவரோட கையைப் பிடிச்சு வரணும்னு அவ ஆசைப்படறா. ஒரு நாள்தானே. நீங்க ஒண்ணும் நினைக்கலையே?"

"இதுல நினைக்க என்ன இருக்கு?" என்றார் அவர். பேச்சு அதோடு முடிந்தது. பெண்ணின் அப்பாவுக்கு ஒரு பூ என்று மனைவி சொன்னபோது, வீட்டில் இன்னொரு கோட்டும் இருக்கிறதே என்று அவளுக்கும் தோன்றவில்லை, கேட்க இவருக்கும் வாய் வரவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். அவர் கேட்கிற ஜாதி இல்லை.

பூக்கடைக்காரம்மா மாப்பிள்ளை விஷயத்தைச் சீக்கிரமே முடித்துவிட்டார். வெள்ளை ரோஜா மொட்டு, ஒரே இலை. மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் அதிலேயே கொஞ்சம் சிறியது. இவருக்குத்தான் நேரம் எடுத்துக்கொண்டார். சிவப்பு ரோஜாவைக் கோட்டில் வைத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயையோ, ஹோட்டல் வாசல்ல கதவு திறந்து விடறவர் மாதிரி இருக்கீங்க."

ஆரஞ்சு நிறத்தில் தட்டு மாதிரி ஒரு பூ. "இது பூவுக்குக் கோட்டு குத்தின மாதிரி ஆயிடும். தள்ளுங்க."

கடைசியில் சந்தன நிறக் கார்னேஷன் பூ ஒன்றை எடுத்து, சாம்பல் பூத்த ஒற்றை இலையோடு சேர்த்துப் பிடித்தார். பழுப்புக் கோட்டின் மார்பு மடிப்பில் அது அங்கேயே முளைத்த மாதிரி உட்கார்ந்தது.

"இதுதான். மாப்பிள்ளைக்கு ரோஜா போதும், அவர் மேல சாஞ்சு யாரும் அழப்போறதில்ல. அப்பாக்களுக்கு இதழ் கெட்டியா இருக்கணும். எத்தனை அப்பாக்களோட பூ சட்னியாகி நான் பார்த்திருக்கேன்! உங்க பொண்ணு அழுவாளா?"

"அழுவா. சத்தமே வராது. தோள்தான் நனையும்."

"எந்தப் பக்கம் சாய்வா?"

"இடது பக்கம். சின்னதுல அடிக்கடி காது வலி வரும். இடது தோள்ல போட்டாதான் தூங்குவா. பழக்கமாயிடுச்சு."

"பூவும் அந்தப் பக்கம்தானே? அப்ப ஊசி முனையைத் துணிக்குள்ள மறைச்சுடணும். இல்லேன்னா கன்னத்தைக் கீறிடும்." பூக்கடைக்காரம்மா சிரித்தார். "நல்ல அப்பாதான், எல்லாம் ஞாபகம் வச்சிருக்கீங்க."

மெக்கானிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. எல்லாம் சேர்ந்து பொய்யாக நின்றது.

வீட்டுக்கு வந்தபோது பெண் கூடத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "கறுப்புக் கோட்டாப்பா? சரிப்பா. சீக்கிரம் வந்துடுங்கப்பா." ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அந்தச் சொல்லை வைத்தாள், புதுச் செருப்பை வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்ப்பதுபோல.

"பூ பார்த்தாச்சா?" என்றாள் மனைவி.

"ஆச்சு."

தினமும் படுப்பதற்கு முன் கட்டிலோரம் உட்கார்ந்து கடவுளிடம் நாலு வார்த்தை பேசுவது அவர் வழக்கம். பெரிய வேண்டுதல் எதுவும் இருக்காது. லிஃப்ட் கயிறு அறாமல் இருக்கட்டும், பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்பதோடு முடிந்துவிடும். அன்று கண்ணை மூடியதும் சந்தன நிறப் பூதான் தெரிந்தது. அந்தப் பூவை அவர் கோட்டின் அளவுக்குக் கட்டித் தருவார்கள். கல்யாணத்தன்று அது வேறொருவர் கோட்டில் பொருந்தாமல் தொங்கும். பெண் அதைப் பார்ப்பாள். தனக்குக் கிடைக்காதது அந்த மனிதருக்கும் நன்றாக அமையவேண்டாம் என்று உள்ளுக்குள் எங்கோ நினைத்துவிட்டோமோ? அந்தக் கேள்வியை அவரால் கடவுளிடம் கொண்டுபோக முடியவில்லை. அப்படியே படுத்துவிட்டார்.

மறுநாள் வேலை முடிந்ததும் மழையோடு மழையாகக் கடைக்குப் போனார். கோட்டு இல்லை.

"அம்மா, நேத்து நான் சொல்லாம விட்டுட்டேன். அந்தப் பூ எனக்கில்ல. பொண்ணோட அப்பா வேற. நான் அவளை வளர்த்தவன்."

பூக்கடைக்காரம்மாவின் கையிலிருந்த கத்தரி நின்றது. ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. ஒரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டு, "உட்காருங்க, நனைஞ்சிருக்கீங்க" என்றார். பிறகு, கொஞ்ச நேரம் தண்டு வெட்டிவிட்டு, "அவர் என்ன கோட்டு?"

"கறுப்பு."

"ஆள் எப்படி?"

மெக்கானிக் யோசித்தார். அலமாரியில் ஒரு பழைய படம் இருந்தது, அவ்வளவுதான் தெரியும். "ஒல்லி. பெரிய பூ வேண்டாம், அவரை அமுக்கிடும்."

"நீங்களே எடுங்க" என்றார் பூக்கடைக்காரம்மா.

வாளி வாளியாகக் குனிந்து பார்த்தார். கறுப்புக்குச் சந்தன நிறம் எடுக்காது. வெள்ளை மாப்பிள்ளையுடையது. கடைசியில், நன்றாகப் பழுத்த மாதுளை முத்தின் நிறத்தில் ஒரு சிறிய கார்னேஷனை எடுத்தார். இதழ்களை விரலால் அழுத்திப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. அந்தக் கடையில் அந்தக் கோட்டுக்கு அதைவிட நல்ல பூ கிடையாது. அது இருவருக்குமே தெரிந்தது.

"ஊசி மட்டும், அம்மா..."

"முனையை மறைச்சுக் குத்தற மாதிரி கட்டித் தர்றேன். ஞாபகம் இருக்கு." பூவை வாங்கி வைத்துவிட்டு அவர் கேட்டார்: "அந்தச் சந்தனப் பூவைக் கட்டித் தரட்டுமா? உங்களுக்கு. அது என் கணக்கு."

"வேண்டாம்மா. யாருன்னு சொல்லிக் குத்திக்கறது?"

பூக்கடைக்காரம்மா கத்தரியைக் கீழே வைத்தார். மூலையிலிருந்த தன் குடையை எடுத்து அவர் கையில் வைத்தார். "இதையாவது வாங்கிக்கோங்க. கல்யாணம் முடிஞ்சு மெதுவா கொண்டு வாங்க." அன்று அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். ஆனாலும் வீடுவரை மெக்கானிக் நனையவில்லை.

கல்யாணத்தன்றும் வானம் மூடியே இருந்தது. மண்டபத்தின் பின்பக்க நடையில், பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு பூப்பெட்டியோடு மெக்கானிக் காத்திருந்தார். மாப்பிள்ளைக்கும் அவருடைய அப்பாவுக்கும் கொடுத்தாயிற்று. கடைசியாக, கறுப்புக் கோட்டில் ஒரு மனிதர் சுவரைப் பிடித்தபடி வந்தார். படத்தில் இருந்தவர்தான், ஆனால் இப்போது பாதி ஆளாக இருந்தார். கோட்டு இரவல். கை நீளம் விரலை மூடியது.

பூவை எடுத்துக் குத்திக்கொள்ளப் பார்த்தார். ஊசி கீழே விழுந்தது.

"குடுங்க" என்று மெக்கானிக் குனிந்து எடுத்தார்.

"நீங்கதானா... அது?"

"ஆமா."

அப்பாக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். "திட்டணும்னா இப்பத் திட்டிடுங்க. யாரும் இல்ல."

"ஆடாதீங்க. ஊசி குத்திடும்."

மெக்கானிக் ஊசியைக் கீழிருந்து ஏற்றி, முனையைத் துணிக்குள் மறைத்தார். தண்டை நேராக்கினார். மாதுளை நிறம் அந்தப் பழைய கறுப்புத் துணியைக்கூடக் கௌரவமாகக் காட்டியது. அந்த மனிதரின் மூச்சில் பயத்தின் வாடை இருந்தது.

"எனக்கு அவளைத் தூக்கினதே ஞாபகம் இல்ல" என்றார் அப்பாக்காரர். "என்ன பேசறதுன்னே தெரியல."

கோட்டின் சுருக்கத்தை நீவிவிட்டபடி மெக்கானிக் சொன்னார்: "பேச வேண்டாம். மேடைக்கிட்ட போனதும் அவ இந்தப் பக்கம் சாய்வா. சத்தம் வராது, அழறான்னே தெரியாது. தட்டிக் குடுக்காதீங்க, அவளுக்குப் பிடிக்காது. சும்மா நில்லுங்க."

"எவ்வளவு நேரம்?"

"அவளே தலையை எடுக்கற வரைக்கும்."

அப்படியேதான் நடந்தது. அப்பாவின் கையைப் பிடித்து நடந்து வந்த பெண், மேடையருகே நின்று, அவருடைய இடது தோளில் முகத்தை வைத்தாள். அவர் அசையாமல் நின்றார். மெக்கானிக் கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோரம் நின்று பார்த்தார். தனக்கே உரியது என்று அவர் இத்தனை வருஷம் நினைத்திருந்த ஒன்றை, பாதை சொல்லி அனுப்பியவரும் அவரேதான். கடவுளே, பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தார். இந்தமுறை வார்த்தை வந்தது.

படம் எடுக்கும் நேரம் வந்தது. போட்டோக்காரர் குரல் கொடுத்தார். "குடும்பப் படம்! கோட்டுல பூ இருக்கறவங்களும் அம்மாக்களும் மட்டும் வாங்க. மத்தவங்க அப்புறம்." பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, "அண்ணே, மண்டபத்து ஆளுதானே? அந்த நாற்காலியைக் கொஞ்சம் முன்னால போடுங்க."

மெக்கானிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டார். மனைவியின் முகம் அப்போதுதான் வெளுத்தது. "ஐயோ, ஏங்க, உங்களுக்கு..." என்று ஆரம்பித்தாள். கோட்டைப் பார்த்தாள், பூவில்லாத மடிப்பைப் பார்த்தாள்.

பக்கத்தில் நின்ற அப்பாக்காரரின் கை தன் மார்புக்குப் போயிற்று. ஊசியைத் தேடின விரல்கள் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறின. "இதை நீங்க... நான் இங்க நிக்கறதுக்கு..."

மெக்கானிக் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். "வேண்டாம். அவ பார்க்கறா."

"நீங்களாவது இப்படி வந்து நில்லுங்க."

"நின்னா உங்களை யாருன்னு கேப்பாங்க, என்னை யாருன்னு கேப்பாங்க. இன்னிக்கு அவ பதில் சொல்லிக்கிட்டு இருக்க வேண்டாம்."

மெல்லிய குரலில்தான் சொன்னார். ஆனால் நாற்காலிக்குப் பின்னால் நின்ற பெண்ணின் காதில் அது விழுந்துவிட்டது. அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் விலகி, போட்டோக்காரருக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார்.

"எல்லாரும் இங்க பாருங்க. கேமராவை, கேமராவை!"

எல்லாரும் பார்த்தார்கள். போட்டோக்காரர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"பொண்ணு, கொஞ்சம் கீழே பாருங்க. உங்க கண்ணு மேல போகுது."

மறுபடி எல்லாரும் நேரானார்கள். மறுபடி அவர் நிறுத்தினார்.

"ஏம்மா பொண்ணு, கேமரா இங்க இருக்கு. அங்க என்ன இருக்கு?"

மெக்கானிக் தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

"இப்படியே எடுங்க" என்றாள் பெண்.