டெல்மரின் எட்டரை அங்குலம்

எங்கள் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, சாலைக் கமிஷனர் தேர்தலில் நிற்பது என்று டெல்மர் ஹாக்கெட் முடிவு செய்த அன்றே, இருக்கிற பிக்கப் வண்டி தனக்குப் போதாது என்றும் முடிவு செய்துவிட்டான். முதல் முடிவுக்கு ஒரு காபி குடிக்கிற நேரம்தான் ஆனது. வண்டியைத் தரையிலிருந்து இன்னும் எத்தனை அங்குலம் தூக்குவது, எத்தனை அங்குல டயர் போடுவது என்று தீர்மானிக்க மூன்று வாரம் ஆனது. கல்யாணத்துக்குக்கூட இந்த மனுஷன் இவ்வளவு யோசிக்கவில்லை என்று அவன் மனைவி நோரீன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேற்கு ஓக்லஹோமாவில் எங்கள் பக்கம் முக்கால்வாசி மண்சாலை. மழை பெய்தால் சேறு, காய்ந்தால் வண்டிக்குள் இருக்கிறவன் பல்லெல்லாம் ஆடும். அதைச் சமன்படுத்தி, பள்ளத்தை மூடி, பாலத்தைப் பார்த்துக்கொள்வதுதான் கமிஷனர் வேலை. பன்னிரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் வெர்ன் ஸ்டப்ஸ் உட்கார்ந்திருந்தான். அவன் வண்டி ஒரு கிழட்டு பிக்கப். ஒரு கதவு வெள்ளை, மற்றதெல்லாம் பழுப்பு, வயிறு தரையைத் தொடாத குறை. அதற்குப் பக்கத்தில் வானத்தை முட்டுகிற மாதிரி ஒரு வண்டி வந்து நின்றால் ஜனங்கள் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று டெல்மர் கேட்டான். கண்ணாடி முன்னால் நின்றுதான் கேட்டான். கண்ணாடி என்ன பதில் சொல்லும்?

இன்னொரு விஷயமும் இருந்தது. டெல்மர் ஐந்தடி நாலு அங்குலம். அதை யாரும் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் குரூப் போட்டோ எடுக்கும்போது மட்டும் யாராவது ஒருவர் அவன் தோளில் கை வைத்து முன்வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள்.

டயர் கடை லாய்டு கேசனும் டெல்மரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். வண்டியைத் தூக்கவேண்டும் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் லாய்டு ஒரே கேள்விதான் கேட்பான், வண்டியை வைத்து என்ன செய்கிறாய் என்று. நாற்பது மாட்டுக்குத் தீவன மூட்டை கொண்டுவருகிறேன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறேன் என்பதுதான் டெல்மர் சொல்லவேண்டிய உண்மையான பதில். அவன் சேறு என்றான், ஆற்றுப்படுகை என்றான், வேட்டை என்றான். போன வருஷம் மான் வேட்டைக்குப் போனவன் வண்டிக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கினதை லாய்டு தன் கண்ணால் பார்த்திருந்தான். ஆனாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டலாக்கை எடுத்து விரித்தான்.

முன்பக்கத்தை மட்டும் இரண்டு அங்குலம் உயர்த்தி முப்பத்துமூன்று அங்குல டயர் போட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும், நோரீனும் சிரமமில்லாமல் ஏறி இறங்குவாள் என்று லாய்டு சொல்லிப்பார்த்தான். நாலு அங்குலம், முப்பத்தைந்து டயர் என்று ஒரு படி ஏறியும் பார்த்தான். டெல்மர் காதில் வாங்கவே இல்லை. அவன் விரல் கடைசிப் பக்கத்தில், வண்டியை ஆறு அங்குலம் தூக்குகிற கிட்டின் மேல் நின்றது. டயர் முப்பத்தேழு. டயரால் கிடைக்கிற இரண்டரை அங்குலத்தையும் சேர்த்தால் மொத்தம் எட்டரை.

"பள்ளமே தெரியாத வண்டியில போறவன் எந்தப் பள்ளத்தைடா மூடப்போறே?" என்றான் லாய்டு.

"மேல உக்காந்து பாத்தா எல்லாப் பள்ளமும் தெரியும்டா."

அப்புறம் டயர் தேர்வு. தர்பூசணி வாங்குகிறவன் தட்டிப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு டயரையும் தட்டி, கட்டைவிரலால் அதன் பல்லை அமுக்கி, குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தான். தார்ச்சாலைக்கும் மண்சாலைக்கும் பொதுவான டயர் ஒன்று இருந்தது. அவனுக்குப் பிடித்ததோ சுத்தமான சேற்று டயர், ஒவ்வொரு பல்லும் கைமுட்டி அளவு. அதைப் போட்டால் டயர் போடுகிற சத்தத்தில் ரேடியோ கேட்காது என்று லாய்டு எச்சரித்தான். தேர்தல் நேரத்தில் ரேடியோவை எவன் கேட்பான் என்று டெல்மர் வாயை அடைத்துவிட்டான். திருப்பும்போது டயர் உரசுகிறது என்று மட்கார்டின் உள்பக்கத்தைக் கொஞ்சம் அறுக்கவேண்டி வந்தது. அப்போதாவது இந்த ஆளுக்கு உறைத்ததா என்றால், இல்லை.

வண்டி வீட்டுக்கு வந்ததும் நோரீன் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். காலை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டாள். டெல்மர் பால் பாட்டில் அடுக்குகிற கெட்டிக் கூடை ஒன்றில் கயிறு கட்டி வைத்திருந்தான். கூடையைக் கீழே போட்டு, அதன்மேல் ஏறி, உள்ளே உட்கார்ந்ததும் கயிற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாவாடையைப் பிடித்துக்கொண்டு, சர்ச் வாசலில் எல்லோரும் பார்க்க அவள் அப்படி இறங்கினாள். அடுத்த வாரத்திலிருந்து தன் குட்டி நீலக் காரில் தனியாகப் போனாள். அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்திய எவனுக்கும் அந்த மௌனத்தின் அர்த்தம் புரிந்திருக்கும். டெல்மர் கொடிகட்டின தேர் மாதிரி ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊரில் எதிரே வண்டி வந்தால், ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தபடியே ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவோம். தெரிந்தவனோ தெரியாதவனோ, ஒரு விரல். வீட்டு மனிதர் என்றால் இரண்டு. சாவு விழுந்த வீட்டுக்காரர் என்றால் நாலு விரலும். கையை முழுசாக வெளியே நீட்டி ஆட்டினால் வணக்கம் இல்லை. நிறுத்து, ஆபத்து என்று அர்த்தம். விரல் தூக்காதவனை யாரும் திட்டமாட்டார்கள். அவன் வீட்டுக் கொட்டகை எரிந்தால் வாளியை எடுத்துக்கொண்டு மெதுவாகத்தான் போவார்கள்.

டெல்மர் விரலை ஓயாமல் தூக்கினான், மணிக்கட்டே வலித்தது. ஆனால் கஃபேயில் அவன் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. சர்ச்சில் அவனுக்கென்று பெரிய துண்டாக வெட்டி வைக்கிற இர்மா அம்மாள், அந்த வாரம் பெக்கான் கொட்டை போட்ட பை பலகாரத்தைத் தட்டோடு அந்தப் பக்கம் நகர்த்திவிட்டாள். பொறாமை என்று அவன் எண்ணிக்கொண்டான்.

தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது லாய்டுதான் போட்டு உடைத்தான். "ஊரெல்லாம் ஒரே பேச்சு. வண்டி உசந்ததும் உனக்குத் தலைக்கனம் வந்துடுச்சாம். எவனுக்கும் விரல் தூக்கறதில்லையாம்."

டெல்மருக்கு ரத்தம் கொதித்தது. தூக்கினேன் என்று சத்தியம் செய்தான். சரி, பார்த்துவிடுவோம் என்று லாய்டு தன் வண்டியில் எதிரே வந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் கடந்து, திரும்பி வந்து நின்றார்கள். உன் பம்பரையும் அச்சையும் பார்த்தேன், ஆளையே காணோம் என்றான் லாய்டு. நீ விரல் தூக்கினாயா என்று டெல்மர் கேட்டான். தூக்கினேன் என்றான் லாய்டு. மேலே இருந்து பார்த்த டெல்மருக்கு லாய்டு வண்டியின் கூரைதான் தெரிந்தது.

முகத்தில் ஈயாடவில்லை. அப்போதே எல்லாவற்றையும் கழற்றிவிடு என்று கெஞ்சினான். மான் வேட்டைக்காலம் வரப்போகிறது, கடையில் ஏழு வண்டி வரிசையில் நிற்கிறது, தேர்தல் முடிகிறவரை முடியாது என்று லாய்டு கையை விரித்தான். நோரீன் காரை வாங்கிக்கொண்டு சுற்றலாமே என்றும் சொன்னான். அந்தக் காரில் போய் ஓட்டுக் கேட்பதைவிடத் தோற்பதே மேல் என்று டெல்மர் சொல்லிவிட்டான்.

அதற்குப் பதிலாக அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். ஐயோ, அந்த வழி! விரல் தெரியவில்லை என்றால் கை தெரியுமே என்று, ஜன்னலுக்கு வெளியே கையை முழுசாக நீட்டி ஆட்ட ஆரம்பித்தான். முதல் நாளே எதிரே வந்த பாதிரியார் பிரேக்கை மிதித்து, ஓரங்கட்டி, தன் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு வைக்கோல் வியாபாரி தன் சுமை அவிழ்ந்துவிட்டது என்று அத்தனை வைக்கோல் கட்டுகளையும் இறக்கி மறுபடி ஏற்றினார். இர்மா அம்மாள் வீடு பற்றிக்கொண்டது என்று நினைத்துத் திரும்பி ஓட்டினாள். போய்ப் பார்த்தால் பூனை வாசலில் தூங்கிக்கொண்டிருந்தது. டெல்மரோ வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்து, இப்போதுதான் எல்லோரும் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள் என்று பூரித்துப்போனான். கையை ஆட்டினால் என்ன அர்த்தம் என்று பிறந்ததிலிருந்து தெரிந்த மனிதன்தான். ஓட்டு ஆசை வந்தால் எல்லாம் மறந்துபோகிறது.

பதினொரு ஓட்டில் தோற்றான்.

மறுநாள் காலை சமையலறை மேஜையில் உட்கார்ந்து, தனக்குக் குழிபறித்த அந்தப் பதினொரு பேர் யார் என்று மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டான். பாதிரியார், வைக்கோல்காரர், இர்மா. அடுத்து யார் என்று பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். நோரீன் அடுப்பருகில் நின்று காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பத்துப் பேரைத் தேடு, போதும்" என்றாள்.

அவனுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் பென்சிலைக் கீழே வைத்தான்.

"நீயா? வெர்னுக்கா போட்டே?"

"அன்னிக்கு வியாழக்கிழமை, ஓடைப் பாலத்துக்கிட்ட எதிர்ல வந்தேன். ரெண்டு விரல் தூக்கினேன். நீ என் தலைக்கு மேல எங்கயோ பாத்துக்கிட்டுப் போயிட்டே."

"ஏதோ நீலக் கூரை போச்சு... உன்னை நான் பாக்கவே இல்ல, நோரீன்."

"அந்தக் கூரைக்குக் கீழதான் நான் இருந்தேன். உனக்குப் பின்னாலயே வெர்ன் வந்தான். அவன் தூக்கினான்."

டெல்மருக்குத் தேர்தலில் தோற்றது அப்போது ஒரு பொருட்டாகவே இல்லை. பாலத்தில் போன அந்த நீலக் கூரை நன்றாக ஞாபகம் இருந்தது, அதுதான் இன்னும் அசிங்கமாக இருந்தது. மளிகைச் சீட்டை ஓரமாக நகர்த்தினான். வெறும் மேஜைமேல், ஸ்டியரிங் பிடிப்பதுபோல் கையை வைத்து, இரண்டு விரலை மெல்லத் தூக்கினான்.

நோரீன் பார்த்தாள். காபியை ஊற்றி முடித்தாள், சர்க்கரை போட்டாள், கலக்கினாள், அவன் முன்னால் வைத்தாள். அதுவரைக்கும் அவன் விரல் அப்படியே நின்றது. பிறகு அவளும் எதிரே உட்கார்ந்து, மேஜைமேல் கையை வைத்து, ஒரு விரலைத் தூக்கினாள்.

"வண்டி கீழ இறங்கட்டும்" என்றாள். "அப்புறம் பாக்கலாம் இன்னொண்ணை."