தகரப் பெட்டி

என் கணவர் தச்சர். நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் காற்றைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிகள் தயாரிக்கிறேன். அவர் பிளைவுட் அறுப்பார். அதன் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவை நான் ஒழிப்பேன். நல்ல ஜோடிப் பொருத்தம் என்று எங்கள் மகள் கிண்டலடிப்பாள்.

அவள் வெள்ளிக்கிழமை கைக்குழந்தையோடு வருவதாக இருந்தது. பேத்திக்காக அவர் இரண்டு மாதம் உழைத்து, சுவரோடு சேர்த்து ஓர் அலமாரி அடித்திருந்தார். ஒரு விரலால் தள்ளினால் போதும், இழுப்பறை சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். அறைக்குள் போனால்தான் கண் எரிந்தது. அந்த வாயுவை அளக்கும் மீட்டர் 0.24 காட்டியது. பாதுகாப்பான அளவான 0.1க்குக் கீழே இறங்காவிட்டால் மாமியார் வீட்டிலேயே இருந்துகொள் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. அலமாரியைப் பெயர்த்துவிடவா என்று கேட்டார். எனக்குத்தான் மனசு வரவில்லை.

ஆய்வுக்கூடத்தில் கேட்டு, மாங்கனீசு ஆக்சைடு பூசி நான் செய்த வடிகட்டி ஒன்றை எடுத்துவந்து சின்ன மின்விசிறியின் முன் பொருத்தினேன். அதில் படும் ஃபார்மால்டிஹைடு கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாறிவிடும். மூன்றே நாளில் 0.12. எனக்குத் தலைகால் புரியவில்லை.

புதன்கிழமை வேலை முடிந்து வந்தால் 0.31.

மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மீட்டரைத் திட்டினேன், வடிகட்டியைத் திட்டினேன், அதைச் செய்த என்னையும் திட்டினேன். பிறகுதான் பார்த்தேன். விசிறியையும் வடிகட்டியையும் சுற்றி, மூலைகளை உருட்டி இழைத்த அழகான புதுப் பெட்டி.

"பாப்பா விசிறிக்குள்ள கைய விட்டுட்டா?" என்றார்.

நாற்பது நாள் குழந்தை எழுந்து நடந்துபோய்க் கையை விடப்போகிறது!

"எதுலங்க செஞ்சீங்க?"

என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். மீதமிருந்த பிளைவுட். திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பெட்டியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் முழுக்கப் பட்டறையில் டமால் டமால் என்று சத்தம். உலோகம் என்றாலே தகரம் என்று இளக்காரமாகப் பேசுகிற மனிதர், சாயங்காலம் ஒரு தகரப் பெட்டியோடு வந்து நின்றார். பசை இல்லை, பெயின்ட் இல்லை, வெறும் திருகாணிகள். நாலு மூலையும் நாலு பக்கம் பார்த்தன. மூன்று விரலில் பிளாஸ்திரி. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் மீட்டர் முன்னால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்பது மணிக்கு 0.09. அவரே மகளுக்குப் போன் போட்டு வரச் சொன்னார்.

வந்தவள் அலமாரியைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்துவிட்டு, யாருப்பா இந்தக் கோணல் டப்பாவைச் செய்தது என்று கேட்டாள். தன் வேலையில் ஒரு நூல் பிசகினாலும் சோறு இறங்காத மனிதர் அவர். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன்.

அதற்குள் பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவரே சொன்னார்:

"நான்தாம்மா. அலமாரிய விட இதுதான் நல்லா வந்திருக்கு."